ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தும் ரேஸ் இறங்கவில்லையா? மேனுவல் கார் ஓட்டும் அந்தமான்வாசிகளுக்கு ஒரு விளக்கம்

ஜிர்காட்டாங் செக்போஸ்டில் கான்வாய் கிளம்பிவிட்டது. முன்னால் ஒரு பஸ், பின்னால் வரிசையாக டூரிஸ்ட் வண்டிகள். உங்கள் கார் புதுசு. வேலை மாற்றலாகி வந்தபோது சென்னையிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. இரண்டாவது கியரில் ஒரு மேட்டை ஏறி முடித்து, மூன்றாவதுக்கு மாற்ற ஆக்ஸிலரேட்டரை விடுகிறீர்கள், கிளட்சை மிதிக்கிறீர்கள். ஆர்பிஎம் முள் 3,000-லேயே ஒரு கணம் நிற்கிறது. சில சமயம் நூறு இருநூறு ஏறிக்கூடப் போகிறது. அப்புறம்தான் 'சரி, இறங்கலாம்' என்பதுபோல மெதுவாக வருகிறது. பொறுமை இல்லாமல் கிளட்சை விட்டால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் பாய்கிறது. பக்கத்து சீட்டிலிருந்து கேள்வி: "வண்டி நல்லா ஓட்டுவேன்னு சொன்னீங்களே?"

கோபப்படாதீர்கள். பெரும்பாலும் தப்பு உங்கள் காலிலும் இல்லை, கிளட்ச் பிளேட்டிலும் இல்லை. நம் ஊர் மெக்கானிக்குகள் 'ரேஸ் லேட்டா இறங்குது' என்பார்கள். கார் பிரியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ரெவ் ஹேங்'. இன்றைய பெட்ரோல் கார்களில் இது பெரும்பாலும் பழுது அல்ல. இன்ஜினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர், அதாவது இசியு, வேண்டுமென்றே எடுக்கும் முடிவு.

'பெரும்பாலும்' என்பதைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். இதே அறிகுறியோடு வரும் நிஜமான பழுதுகளும் உண்டு. எது இயல்பு, எது பழுது என்று பிரித்துப் பார்ப்பது எந்த ஊரிலும் பணத்தை மிச்சப்படுத்தும். உதிரிபாகம் கப்பலிலோ விமானத்திலோ வந்தாக வேண்டிய தீவில், நாட்களையும் சேர்த்து மிச்சப்படுத்தும்.

முள் ஏன் இறங்க வேண்டும்?

கியர் மாற்றும்போது காரின் வேகம் மாறுவதில்லை. மாற வேண்டியது இன்ஜினின் வேகம்தான். ஒரு சின்ன பெட்ரோல் காரில் இரண்டாவது கியரின் விகிதம் 1.9, மூன்றாவதின் விகிதம் 1.3 என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டாவது கியரில் இன்ஜின் ஏறக்குறைய 2,900 சுற்று சுற்றும். அதே வேகத்துக்கு மூன்றாவது கியரில் 2,000-க்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால் போதும். ஆக, நீங்கள் கிளட்சை மிதித்து விடுவதற்குள் இன்ஜின் 900 சுற்றுக்கு மேல் இழந்தாக வேண்டும். இழந்துவிட்டால் கியர் விழுந்ததே தெரியாது. இழக்காமல் 2,700-ல் நின்றுகொண்டிருந்தால், அந்த வித்தியாசம் முழுவதும் கிளட்ச் தலையில் விழும், நீங்கள் குலுங்குவீர்கள்.

கிளட்சை மிதித்த பிறகு இன்ஜினை மெதுவாக்க யாரும் பிரேக் போடுவதில்லை. உள்ளே இருக்கும் உராய்வு, காற்றை உறிஞ்சித் தள்ளும் சிரமம், ஏசி கம்ப்ரஸர், ஆல்டர்னேட்டர் ஆகியவைதான் அதைப் பிடித்து இழுக்கின்றன. எதிர்ப்பக்கம், இன்னும் கொஞ்சம் காற்றும் பெட்ரோலும் உள்ளே போய்க்கொண்டிருந்தால் இன்ஜின் சுற்றத்தானே செய்யும்? ரெவ் ஹேங் என்பது அவ்வளவுதான். காலை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். காற்று வழி இன்னும் முழுதாக மூடவில்லை.

பழைய வண்டியில் டக்குனு இறங்குச்சே?

இறங்கியது. ஏனென்றால் அங்கே உங்கள் காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு இரும்பு கேபிள் மட்டும்தான் இருந்தது. அப்பாவின் கார்ப்பரேட்டர் மாருதி 800-ல் பெடலை விட்டால், அந்த நொடியே ஸ்பிரிங் த்ராட்டில் தகட்டை மூடிவிடும். காற்று நின்றது, ரேஸ் விழுந்தது.

இன்றைய காரில் பெடலுக்கு அடியில் இருப்பது ஒரு சென்ஸார். 'டிரைவர் இவ்வளவு அழுத்துகிறார்' என்று அது இசியுவிடம் சொல்கிறது. இசியு யோசித்து, த்ராட்டிலில் இருக்கும் சின்ன மோட்டாருக்கு உத்தரவு போடுகிறது. உங்கள் கால் இப்போது கட்டளை அல்ல, விண்ணப்பம். அரசு அலுவலகத்தில் கொடுக்கும் மனுவைவிட வேகமாகப் பரிசீலிக்கப்படும் என்பது மட்டும்தான் ஆறுதல். நீங்கள் காலை முழுக்க எடுத்தாலும், 'மெதுவாக மூடு' என்று இசியு முடிவு செய்தால் த்ராட்டில் மெதுவாகத்தான் மூடும்.

இன்னொரு விளக்கமும் சொல்வார்கள்: 'த்ராட்டில் மூடிய பிறகும் மேனிஃபோல்டில் காற்று மிச்சம் இருக்கும், அது தீரும் வரை ரேஸ் இறங்காது.' கொஞ்சம் கணக்குப் போட்டால் இது நிற்காது. 1.2 லிட்டர் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்-ல், த்ராட்டில் முழுக்கத் திறந்திருந்தால், விநாடிக்குச் சுமார் 30 லிட்டர் காற்றை விழுங்கும் திறன் கொண்டது. மேனிஃபோல்டில் இருப்பதோ சில லிட்டர். நீங்கள் 'ஒன்று' என்று எண்ணி முடிப்பதற்குள் அது காலி. ஒரு விநாடி, ஒன்றரை விநாடி முள் தயங்குகிறது என்றால் வேறு யாரோ காற்றை அனுமதிக்கிறார்கள் என்று அர்த்தம்.

டக்கென்று மூடினால் என்ன கெட்டுப்போகும்?

விஷயத்தின் மையம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பெட்ரோல் இன்ஜின் சுத்தமாக எரிய, 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது சற்றுக் குறையும். இந்த விகிதத்தை ஒட்டி நின்றால்தான் சைலன்ஸருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு ஒரே சமயத்தில் மூன்று வேலை: கார்பன் மோனாக்சைடை எரிக்க வேண்டும், எரியாமல் தப்பிய பெட்ரோலை எரிக்க வேண்டும், நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரித்து வெறும் நைட்ரஜனாக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் ஆக்சிஜன் தேவை. மூன்றாவதுக்கு ஆக்சிஜன் எதிரி. இந்த மூன்றையும் சமாளிக்க, கன்வெர்ட்டருக்குள் சீரியம் ஆக்சைடு பூச்சு ஒன்று ஆக்சிஜனைக் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது விடுகிறது. ஒரு சின்ன தண்ணீர்த் தொட்டி மாதிரி. முழுக்கக் காலியாகவும் கூடாது, நிரம்பி வழியவும் கூடாது.

இப்போது நீங்கள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுக்கிறீர்கள். த்ராட்டில் படக்கென்று மூடினால் மேனிஃபோல்டில் அழுத்தம் சரிந்து விழும். இன்டேக் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்த பெட்ரோல் படலம் குறைந்த அழுத்தத்தில் மளமளவென்று ஆவியாகி உள்ளே போகும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். சரியாக எரியாது. எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியே வெளியேறும்.

இது கம்ப்யூட்டர் காலத்துப் பிரச்சினையே அல்ல. கார்ப்பரேட்டர் வண்டிகளிலேயே இதற்காக 'டேஷ்பாட்' என்று ஒரு சின்ன உறுப்பை சில கம்பெனிகள் வைத்தன. கதவை மெதுவாக மூடவைக்கும் டோர் குளோஸர் போல, த்ராட்டில் கடைசிப் பகுதியை நிதானமாக மூட வைக்கும். இன்று அந்த உறுப்பு போய்விட்டது. அதன் வேலை மென்பொருளுக்குள் குடியேறிவிட்டது.

'அப்படியானால் பெட்ரோலையே நிறுத்திவிட வேண்டியதுதானே?' நல்ல கேள்வி. இசியு அதையும் செய்கிறது. கியரில் இருக்கும்போது நீண்ட சரிவில் காலை எடுத்துப் பாருங்கள். டிஸ்ப்ளேயில் அந்தக் கணத்து மைலேஜ் உச்சிக்கு ஏறும். அப்போது இன்ஜெக்டர்கள் மூடியிருக்கின்றன, சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுற்ற வைக்கின்றன. பெட்ரோல் இல்லாமல் வெறும் காற்று கன்வெர்ட்டருக்குப் போகிறது. ஆக்சிஜன் தொட்டி நிரம்பி வழிகிறது. சரிவு முடிந்து நீங்கள் மறுபடி ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் முதல் சில கணங்களில், தொட்டி காலியாகும் வரை, நைட்ரஜன் ஆக்சைடுகளை அதனால் பிரிக்க முடியாது. அவை அப்படியே வெளியே போகும். இதைச் சரிக்கட்ட இசியு கொஞ்சம் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும்.

நீண்ட சரிவுக்கு இந்தப் பேரம் லாபம். ஒரு விநாடியில் முடிந்துவிடும் கியர் மாற்றத்துக்கு நஷ்டம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பெட்ரோலை நிறுத்தி, தொட்டியை நிரப்பி, மறுபடி காலி செய்வதென்றால் ஊருக்குள் ஒரு மணி நேரம் ஓட்டுவதற்குள் எத்தனை முறை? அதனால் இசியு அவசரப்படுவதில்லை. 'இவர் கியர்தான் மாற்றுகிறார் போலிருக்கு, இப்போ திரும்ப அழுத்துவார்' என்று காத்திருக்கிறது. த்ராட்டிலைப் படிப்படியாக மூடுகிறது, ஸ்பார்க்கைச் சற்றுத் தாமதமாக அடித்து விசையைக் குறைக்கிறது, விகிதத்தை 14.7-ஐ ஒட்டியே வைத்துக்கொள்கிறது. விளைவு, நீங்கள் பார்க்கும் அந்தத் தயங்கும் முள்.

நடுவில் முள் சற்று ஏறுவதற்கும் இதுவே காரணம். கிளட்சை மிதித்ததும் காரை இழுக்கும் பாரம் இன்ஜினிடமிருந்து நீங்கிவிடுகிறது. ஆனால் காற்று இன்னும் வருகிறது. பாரம் இறங்கிய மாடு நாலு அடி ஓடத்தானே செய்யும்?

தில்லிப் புகைக்கு அந்தமான் கார் ஏன் விரதம் இருக்கணும்?

சுற்றிலும் கடலும் காடும். இங்கே ஒரு காரின் புகை எந்த மூலைக்கு? இந்தக் கேள்வி நியாயமானதுதான். பல ஆண்டுகள் விதிகளும் அப்படித்தான் யோசித்தன.

1995 ஏப்ரலில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது அது தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கும் புது பெட்ரோல் கார்களுக்கு மட்டும்தான். பிஎஸ்-3 விதி 2005-ல் பெருநகரங்களுக்கு வந்தது. நாடு முழுக்கப் பரவ 2010 ஆனது. அதே 2010-ல் சென்னை உள்ளிட்ட நகரங்கள் பிஎஸ்-4-க்குத் தாவிவிட்டன. நாடு முழுவதும் பிஎஸ்-4 என்று ஆனது 2017 ஏப்ரல் 1-ல்தான். அதாவது, சென்னையில் ஒரு தலைமுறை கார் ஓடிக்கொண்டிருந்தபோது, போர்ட் பிளேரில் அதற்கு முந்தைய தலைமுறைக் காரை விற்க விதி இடம் கொடுத்தது. (2024 செப்டம்பரில் மத்திய அரசு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிய அதே ஊர்தான், பழைய பெயர் வாயில் இன்னும் நிற்கிறது.)

2020 ஏப்ரல் 1-ல் அந்த இடைவெளி மறைந்தது. பிஎஸ்-5-ஐத் தாண்டி பிஎஸ்-6, ஒரே நாளில், நாடு முழுக்க. கார் விற்பனைக்கு இனி தில்லியும் திக்லிபூரும் ஒன்றுதான். பெட்ரோல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்று அனுமதிக்கப்பட்ட நைட்ரஜன் ஆக்சைடு பிஎஸ்-3-ல் 150 மில்லிகிராம், பிஎஸ்-4-ல் 80, பிஎஸ்-6-ல் 60. 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் வந்தது. ஆய்வகத்து உருளைமீது ஓட்டிக் காட்டினால் மட்டும் போதாது. காரின் பின்னால் கருவியைக் கட்டி நிஜ ரோட்டில் ஓட்டியும் அளக்கிறார்கள். நிஜ ரோட்டில் மனிதர்கள் கியர் மாற்றுவது தாறுமாறாகத்தான் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் தப்பும் புகை கணக்கில் ஏறும் என்றால், கம்பெனி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான், பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு தீவில் வாங்கிய காரையும் சென்ற வருஷம் வாங்கிய காரையும் மாற்றி மாற்றி ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம் காலில் தெரியலாம்.

எல்லாப் பழியும் புகை விதிக்கா?

இல்லை. கம்பெனிகள் சொல்ல விரும்பாத பகுதியும் உண்டு. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம், ஃப்ளைவீல். அது கனமாக இருந்தால் ரேஸ் ஏறவும் நேரம் எடுக்கும், இறங்கவும் நேரம் எடுக்கும். டியாகோ, க்விட், ஆல்டோ கே10, 2024-ல் வந்த ஸ்விஃப்ட் என்று இன்று சின்ன கார்களில் மூன்று சிலிண்டர் இன்ஜின்கள் நிறைய. மூன்று சிலிண்டர் இயல்பாகவே கொஞ்சம் அதிரும். ஐட்லிங்கில் அதைச் சமாளிக்க சுற்றும் எடையைக் கூட்டுவது ஒரு வழி. அந்த எடைக்கான விலையை நீங்கள் கியர் மாற்றும்போது கட்டுகிறீர்கள். ஏசி ஓடும்போது இன்ஜின் நின்றுவிடாமலிருக்க இசியு கூடுதல் காற்றை அனுமதிக்கும். அந்தமானின் புழுக்கத்தில் ஏசி இல்லாமல் யார் ஓட்டுவது?

இன்னொன்று, சொகுசு. பெடலை விட்டதும் விசை சட்டென அறுந்தால் கார் முன்னும் பின்னும் ஆடும். புதிதாக ஓட்டுபவருக்கு அது பிடிக்காது. அதனால் 'எல்லாவற்றையும் மெதுவாகச் செய்' என்று மென்பொருளை அமைத்துவிடுகிறார்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு அது எரிச்சல்.

இதே எலெக்ட்ரானிக் த்ராட்டிலை வைத்துக்கொண்டு டிரைவருக்கு உதவவும் முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2009 மாடலாக வந்த நிசான் 370இஸட் ஸ்போர்ட்ஸ் காரில், கியரைக் குறைக்கும்போது தேவையான ஆர்பிஎம்-ஐ இன்ஜினே சரியாகக் கொண்டுவந்து நிறுத்தியது. நம் ஊரில் 2020-ல் ஹூண்டாய் வென்யூவிலும் கியா சோனெட்டிலும் வந்த ஐஎம்டி, கிளட்ச் பெடலையே எடுத்துவிட்டு அந்த வேலையைக் கருவியிடம் கொடுத்தது. ஆக, தொழில்நுட்பம் இருக்கிறது. பட்ஜெட் மேனுவல் காரின் கியர் மாற்றத்தை மெருகேற்ற நேரமும் பணமும் செலவழிக்க எத்தனை கம்பெனிக்கு மனசிருக்கிறது என்பதுதான் கேள்வி. மேனுவல் என்றால் மலிவான வேரியன்ட் என்று ஆகிவிட்ட சந்தையில் எனக்கு அந்த நம்பிக்கை குறைவு.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது காற்று வழி அல்ல, எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறது என்பது. ரேஸ் மெதுவாக இறங்கினால் முதலில் நினைக்க வேண்டியது கனமான ஃப்ளைவீலை.

கிளட்ச் பிளேட் போயிடுமா?

கேட்காதவர்களே இல்லை. ஒரு தோராயக் கணக்கு போடலாம். சுமார் ஒரு டன் எடையுள்ள கார், 40 கிலோமீட்டர் வேகம். முள் 3,000-ல் இருக்கும்போதே, 2,000 தேவைப்படும் கியரில் கிளட்சை விட்டுவிட்டீர்கள். சின்ன காருக்குப் பொருந்தும் சாதாரண மதிப்புகளை வைத்துப் பார்த்தால் கிளட்சில் வெப்பமாகப் போவது ஒரு கிலோஜூலுக்கும் குறைவு. மீதி ஆற்றல் காருக்குப் போய், அதன் வேகத்தை மணிக்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளுகிறது. நீங்கள் உணர்ந்த 'ஜெர்க்' அதுதான்.

நின்ற இடத்திலிருந்து அதே காரைச் சமதரையில் கிளப்பும்போது, கிளட்ச் விழுங்கும் வெப்பம் இதைப்போல நாலைந்து மடங்கு. மேட்டில் என்றால் இன்னும் அதிகம். எனவே கிளட்சைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கவலைப்பட வேண்டிய இடம் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பாரதாங் போகும் ஃபெர்ரியின் சாய்தளம்தான். சாத்தம்–பம்பூஃபிளாட் ஃபெர்ரியில் ஏறி இறங்குவதும் அதே கதை. அங்கே ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நில்லுங்கள். ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தொங்கவிடாதீர்கள். கிளட்சைச் சாப்பிடுவது அதுதான்.

அப்போ ஆபத்தே இல்லையா?

இருக்கிறது, வேறு இடத்தில். காலை எடுத்ததும் இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்கும் என்று நம் உடம்பு பழகியிருக்கிறது. ரெவ் ஹேங் உள்ள காரில் முதல் ஒரு விநாடி அந்தப் பிடிப்பு வராது. இன்ஜின் இன்னும் லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி என்பது 11 மீட்டர். ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தின் நடுவே ஜிர்காட்டாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர், போலீஸ் காவலோடு, நிற்காமல், முந்தாமல் வரிசையாகப் போக வேண்டும். வளைவுக்கு வளைவு முன்னால் போகும் வண்டியின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். காலை எடுத்தாலே வேகம் குறைந்துவிடும் என்று நம்பி ஒட்டிக்கொண்டு போனால், மழைநாளில் அந்த 11 மீட்டர்தான் பம்பரைத் தீர்மானிக்கும். கூடுதல் இடைவெளி விடுங்கள், பிரேக்கில் கால் வைக்கத் தயங்காதீர்கள்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று: 'ரேஸ் இறங்க மாட்டேங்குது, நியூட்ரல்ல போட்டுடலாம்' என்று இறக்கத்தில் உருட்டுவது. இன்ஜின் பிடிப்பு முழுக்கப் போய்விடும், முழு பாரமும் பிரேக்குக்கு. பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையும் தப்பு. கியரில் இறங்கும்போது இன்ஜெக்டர் மூடியிருக்கும் என்று மேலே பார்த்தோம். நியூட்ரலில் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும்.

எப்படி மாற்றினால் குலுங்காது?

நம்மில் பலர் காலை எடுப்பதையும் கிளட்சை மிதிப்பதையும் ஒரே நொடியில் செய்கிறோம். சிலர் கிளட்சை முதலில் மிதித்துவிட்டு அப்புறம்தான் ஆக்ஸிலரேட்டரை விடுகிறார்கள். வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். முதலில் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்துங்கள். ஒரு அரைத் தாளம் விட்டு, பிறகு கிளட்ச். அந்த அரைத் தாளத்தில் இன்ஜின் இன்னும் சக்கரங்களோடு கட்டப்பட்டிருப்பதால் முள் ஏறிப் பாய இடமில்லை. த்ராட்டிலும் மூடத் தொடங்கிவிடும்.

சமதரையில் 3,000 வரை இழுக்காமல் 2,000–2,200-லேயே மாற்றுங்கள். இறங்க வேண்டிய தூரம் குறைந்தால் தயக்கமும் குறைவாகவே தெரியும். மேட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், வண்டி திணறும். கியர் விழுந்த பிறகும் முள் மேலேயே இருந்தால், அது அடுத்த கியருக்கான எண்ணுக்கு வரும் வரை கிளட்சை உரசும் புள்ளியில் ஒரு கணம் நிறுத்தி விடுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் காரின் எண்கள் காலுக்கே தெரிந்துவிடும். முள்ளைப் பார்க்க வேண்டியதும் இருக்காது.

எப்போது இது பழுது?

முதல் கேள்வி ஒன்றுதான்: வாங்கிய நாளிலிருந்து இப்படியா, அல்லது திடீரென்று ஆரம்பித்ததா? முதல் நாளிலிருந்து ஒரே மாதிரி என்றால் அது காரின் சுபாவம். போன மாதம் இல்லாதது இந்த மாதம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில், இன்ஜின் சூடான பிறகு ஏசியை அணைத்துவிட்டு 3,000 வரை ரேஸ் கொடுத்து விடுங்கள். மெதுவாகவேனும் ஒரே சீராக இறங்கி, கடைசியில் ஐட்லிங்கில், பெரும்பாலான கார்களில் 700–900-க்குள், உட்கார்ந்தால் நிம்மதி. 1,800-லோ 2,000-லோ போய் அங்கேயே தங்கிவிட்டால், அல்லது ஏறி இறங்கி ஊஞ்சல் ஆடினால், எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. இன்டேக் குழாயில் விரிசல், கழன்ற வேக்யூம் ஹோஸ், கரி பிடித்த த்ராட்டில் பாடி, திறந்தபடி சிக்கிக்கொண்ட பர்ஜ் வால்வு ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். கேபிள் உள்ள பழைய வண்டியென்றால் முதலில் கேபிளைப் பாருங்கள். மே முதல் டிசம்பர் வரை மழை, வருஷம் முழுக்க உப்புக் காற்று என்றிருக்கும் ஊரில் இரும்புக் கேபிள் துருப்பிடித்து இறுகுவதில் ஆச்சரியமில்லை. சென்ஸார் கனெக்டர்களில் பச்சை பூப்பதும் அப்படித்தான். இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் இன்னொன்று: பெடலுக்கு அடியில் ஃப்ளோர் மேட் மடங்கியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், நடக்கிறது.

கையில் ப்ளூடூத் ஓபிடி ரீடர் இருந்தால் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் மாட்டி, 'லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்' எண்ணைப் பாருங்கள். ஐட்லிங்கில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டல் காட்டி, 2,500 ஆர்பிஎம்-ல் அது குறைந்தால் ஏர் லீக் என்பதற்கு வலுவான தடயம். பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம். பி0507 என்றால் ஐட்லிங் இருக்க வேண்டியதைவிட அதிகம். பியுசி சான்றிதழ் இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். அந்தச் சோதனையில் வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது, யாரும் கியர் மாற்றுவதில்லை.

ரெவ் ஹேங்கையும் கிளட்ச் ஸ்லிப்பையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். கிளட்ச் தேய்ந்திருந்தால் பிரச்சினை காலை எடுக்கும்போது அல்ல, அழுத்தும்போது வரும். நான்காவது கியரில் மேடேறும்போது மிதித்தால் முள் ஏறும், வண்டி ஏறாது. அப்போது மட்டும்தான் கிளட்ச் செட்டுக்குப் பணம் எடுத்து வையுங்கள்.

ஓடும்போது ரேஸ் இறங்கவே மறுத்து, கால் வைக்காமலே வண்டி இழுத்தால் அது வேறு கதை. பிரேக்கை அழுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹஸார்டு லைட் போட்டு ஓரம் கட்டுங்கள். நின்ற பிறகு இன்ஜினை அணையுங்கள். கான்வாயில் நிற்கக்கூடாது என்ற விதிக்குப் பயந்து அப்படியே ஓட்டிப்போகாதீர்கள். பின்னால் காவல் வண்டி வருகிறது.

ரீமேப் பண்ணிடலாமா?

இணையத்தில் தேடினால் இசியு மென்பொருளை மாற்றி ரெவ் ஹேங்கை நீக்கித் தருவதாகச் சொல்பவர்கள் கிடைப்பார்கள். தொழில்நுட்ப ரீதியாக முடியும். த்ராட்டில் மூடும் வேகமும் ஒரு எண்தானே. ஆனால் வாரன்டியைக் கேள்விக்குள்ளாக்குவீர்கள். கம்பெனி அங்கீகாரம் பெற்ற விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. நாளைக்கு வேறொரு பழுது வந்தால் சர்வீஸ் சென்டர் முதலில் கைகாட்டப்போவது அந்த மாற்றத்தைத்தான். சென்னையிலாவது அடுத்த தெருவில் இன்னொரு ஒர்க்‌ஷாப் இருக்கும். மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேருக்கு வண்டியைக் கொண்டுபோவதே ஒரு நாள் வேலை.

அதற்குப் பதில், கம்பெனியே இசியு அப்டேட் ஏதாவது விட்டிருக்கிறதா என்று அடுத்த சர்வீஸில் கேளுங்கள். கேட்கும்போது 'கியர் சரியா விழல' என்று மட்டும் சொல்லாதீர்கள், கியர்பாக்ஸைத்தான் பிரிப்பார்கள். எந்த கியரிலிருந்து எந்த கியருக்கு, எந்த ஆர்பிஎம்-ல், இன்ஜின் சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா, ஏசி ஓடும்போதா என்று சொல்லுங்கள். போனை ஹோல்டரில் வைத்து, ஓட்டாத ஒருவர் எடுத்த பத்து விநாடி வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. காப்பகத்துக்குள் கேமராவே எடுக்கக்கூடாது, அதனால் ஜிர்காட்டாங்குக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 'அண்ணே, கிளட்ச் மிதிச்சா ரேஸ் லேட்டா இறங்குது, வாங்கினதிலிருந்தே இப்படித்தான்' என்று சொன்னால் புரிந்துகொள்ளும் மெக்கானிக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.